ஒரிஜினல் கடலலையும் நியூ கடலலையும்

ஜனவரி 8

ஆராய்ச்சித் தலைப்பு முடிவாகிவிட்டது. நான் கேட்டது வங்கிக் கடன். கிடைத்தது பாட்டுக் கச்சேரி.

"வங்கிக் கடனப் பத்தி நம்ம டிபார்ட்மெண்ட் பீரோ நெறைய இருக்கு இளமதி. இன்னொண்ணு வெச்சா கதவு மூடாது" என்றார் சௌந்தரம் மேடம். என் வழிகாட்டி. "இசைத் தொழில்ல தொழில்முனைவு. கடலூர் மாவட்டத்து மெல்லிசைக் குழுக்கள். இதுவரைக்கும் யாரும் தொடல. நீ பாட்டு கேப்பியா?"

"கேப்பேன் மேடம்."

"அப்ப முடிஞ்சுது."

எம்.பி.ஏ. இரண்டாம் ஆண்டு மாணவியின் தலையெழுத்து இப்படித்தான் எழுதப்படுகிறது. இசையைப் பற்றி எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. பள்ளிக்கூடத்தில் பிரேயர் பாடும்போது, நீ மட்டும் சும்மா வாயசைம்மா என்று டீச்சர் சொல்லியிருக்கிறார்.

அப்பாவுக்குப் போன் செய்தேன். திட்டக்குடியில் மக்காச்சோளம் அடிக்கும் மெஷின் சத்தத்துக்கு நடுவே, "இன்னா, பேங்கா?" என்றார். இல்லப்பா, பாட்டு என்றேன். "பேங்குப் பாட்டா?" என்றார். வைத்துவிட்டேன்.

ஜனவரி 11

சிதம்பரத்திலிருந்து பாசஞ்சரில் கடலூர் முதுநகர். ஸ்டேஷனில் இறங்கி, மீன் வண்டிகளுக்கு வழிவிட்டு வழிவிட்டு நடந்தேன். தெரு முனையில் பெரிய போர்டு: 'ஒரிஜினல் கடலலை இன்னிசைக் குழு'. நல்லது, வந்துவிட்டோம் என்று பார்த்தால், அதே தெருவின் மறுமுனையில் இன்னொன்று: 'நியூ கடலலை இன்னிசைக் குழு'.

டீக்கடையில் கேட்டேன். "ரெண்டும் ஒரே குழுவாண்ணே?"

"ஒண்ணாதாம்மா இருந்துது. அண்ணன் தங்கச்சி. இப்ப அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் பேச்சு கெடையாது. மூணு வருஷம் ஆவுது. டீ வேணுமா?"

ஒப்பீட்டு ஆய்வு! மேடம் துள்ளிக் குதிப்பார்.

ஜனவரி 18

ஒரிஜினல் என்பது அண்ணன் லூர்துசாமி. கீபோர்டு வாசிப்பார், பாடுவார், பேசுவார், பேசுவார், பேசுவார். நியூ என்பது தங்கை ஜான்சி. முன்பு அண்ணனுடன் பாடிக்கொண்டிருந்தவர், இப்போது சொந்தக் குழு. காலையில் அவர் வீடு, மத்தியானம் இவர் வீடு என்று பேட்டி எடுத்தேன்.

கேள்வி: குழு ஏன் பிரிந்தது?

லூர்துசாமி அண்ணன்: "ஒரு விசிட்டிங் கார்டும்மா. வெறும் கார்டு. அதுக்குப் போயி எவனாவது கூடப்பொறந்தவன உடுவானா?"

ஜான்சி அக்கா: "கார்டுதான். 'உரிமையாளர் லூர்துசாமி'ன்னு கொட்ட எழுத்துல போட்டுட்டு, கீழ எறும்பாட்டம் 'பாடகி ஜான்சி'. பார்ட்டி புடிக்கிறது நானு, ரேட்டு பேசறது நானு, வேன் ஏற்பாடு பண்றது நானு. பாடறதும் நானு. நான் வெறும் பாடகியா?"

அண்ணன்: "கேட்டிருந்தா பேரு போட்டிருப்பேனே!"

அக்கா: "கேட்டாதான் போடணுமா?"

ஒருவர் சொன்னதற்கு இன்னொருவர் தெருவின் அடுத்த கோடியில் இருந்துகொண்டு, கேட்காமலேயே பதில் சொல்கிறார். நடுவில் கேட்டுக்கொண்டிருப்பவள் நான் ஒருத்திதான்.

ஜனவரி 25

கேள்வித்தாளின் தலையிலேயே அச்சடித்திருக்கிறேன்: 'நீங்கள் கூறுவது வேறு எவருக்கும் தெரிவிக்கப்படாது.' ஆனாலும் இன்று—

"அந்த வூட்டுல இன்னா சொன்னா?" — லூர்துசாமி அண்ணன்.

"சொல்லக் கூடாதுண்ணே."

"காபி குடுத்தாளா?"

"அதையும் சொல்லக் கூடாது."

"குடுத்துருக்கா. சக்கர ஜாஸ்தியா போட்டுருப்பாளே?"

போட்டிருந்தார். நான் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜான்சி அக்கா நேராகக் கேட்க மாட்டார். மாவு சலித்துக்கொண்டே, "எனக்குத் தெரிய வேணாம். ஆனா அங்க இன்னும் அந்தப் பழைய கீபோர்டுதான் வெச்சுட்டு மாரடிக்கிறாங்களா, இல்ல புதுசு வாங்கியாச்சா, அது மட்டும் சொல்லு" என்பார்.

இவர்கள் என்னைப் பேட்டிக்கு விடுவது ஆராய்ச்சிக்கு உதவ அல்ல என்று இப்போதுதான் புரிகிறது.

பிப்ரவரி 1

ஐயோ.

வரப்போகும் நிகழ்ச்சிகள் பற்றிக் கேட்டேன். லூர்துசாமி அண்ணன்: "பதினாறாந்தேதி சிதம்பரத்துல ஒரு ரிசப்ஷன். பொண்ணு புவனகிரி, பேரு இலக்கியா. பொண்ணோட அப்பா அட்வான்ஸ் குடுத்துட்டாரு."

ஜான்சி அக்கா: "பதினாறாந்தேதி சிதம்பரத்துல ரிசப்ஷன். மாப்பிள்ளை நம்ம முதுநகர். மாப்பிள்ளையோட தாய்மாமன் புக் பண்ணாரு. பொண்ணு பேரு என்னமோ... ஆங், இலக்கியா."

மண்டபமும் ஒன்றேதான். கேள்வித்தாளை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன். ரயிலில் வரும்போது எதிரில் இருந்த அம்மா, "ஒடம்பு சரியில்லையாம்மா?" என்று கேட்டு, கையில் ஆரஞ்சுப் பழம் கொடுத்தார்.

பிப்ரவரி 3

மேடத்திடம் சுற்றி வளைத்துக் கேட்டேன். "ஒரு உதாரணத்துக்கு மேடம். ஒரு ஆள் சொன்ன விஷயம் இன்னொரு ஆளுக்கு ரொம்ப முக்கியம்னு வைங்க..."

"சொல்லக் கூடாது. ஒருத்தர்கிட்ட கேட்டத இன்னொருத்தர்கிட்ட சொன்னா அது ஆராய்ச்சி இல்ல, போஸ்ட்மேன் வேலை."

"மூணாவது மனுஷங்களுக்கு அதால சங்கடம் வரும்னா?"

மேடம் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "எவ்ளோ பெரிய சங்கடம்?"

"ஒரு கல்யாணம் அளவுக்கு."

"அப்ப நீதான் யோசிக்கணும்" என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போய்விட்டார். இதற்குத்தான் சம்பளம் வாங்குகிறார்களா?

பிப்ரவரி 8

உண்மையை இங்கேயாவது எழுதுகிறேன். நான்காம் அத்தியாயம் 'போட்டி'. அதில் ஒரு பத்திதான் தேறியிருக்கிறது. பதினாறாம் தேதி நான் அந்த மண்டபத்தின் ஓரத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்தால் அத்தியாயம் முழுக்க நிரம்பிவிடும். இரண்டு குழு, ஒரே மேடை, கண்ணெதிரே போட்டி! எந்த ஆராய்ச்சியாளருக்குக் கிடைக்கும்?

இது ஆராய்ச்சி ஆர்வமா, இல்லை, குழாயடிச் சண்டை பார்க்கும் ஆர்வமா?

அந்த இலக்கியாவை நான் பார்த்ததுகூட இல்லை. பட்டுச்சேலை கட்டிக்கொண்டு மேடையில் நிற்பாள். அவள் முன்னால் இரண்டு பக்கத்துச் சொந்தமும் கையை ஓங்கிக்கொண்டு—

வேண்டாம். நாளைக்குப் போய்ச் சொல்லிவிடுகிறேன். ஆராய்ச்சி போனால் போகட்டும்.

பிப்ரவரி 9

போனேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு லூர்துசாமி அண்ணனிடம், "அண்ணே, நான் விதிய மீறி ஒண்ணு சொல்லப்போறேன். பதினாறாந்தேதி ஜான்சி அக்காவும்..." என்றேன்.

"தெரியுமே" என்றார்.

"தெரியுமா?"

"மொத நாளே தெரியும். அவ வாபஸ் வாங்குவான்னு பாக்குறேன். அவகிட்ட சொல்லிடாத, அவளுக்குத் தெரியாது."

தெருவின் மறுகோடிக்கு ஓடினேன். ஜான்சி அக்கா இறால் உரித்துக்கொண்டிருந்தார். "தெரியும் மதி. அவருதான் எடத்த காலி பண்ணணும். மாப்பிள்ளை வூட்டுக்காரங்க எங்காளுங்க. நீ ஒண்ணும் மூச்சு உடாத, அவருக்குத் தெரியாது."

ஒரு வாரமாகச் சரியாகச் சாப்பிடாமல் அலைந்தேனே, அதை யாரிடம் போய்ச் சொல்ல? இரண்டு பேருக்கும் தெரியும். இரண்டு பேரும் அடுத்தவருக்குத் தெரியாது என்று நினைக்கிறார்கள். கல்யாண வீட்டாருக்கு மட்டும்தான் ஒன்றும் தெரியாது. அவர்களிடம் சொல்லுங்கள் என்று கெஞ்சினேன். இருவரும் ஒரே பதில்தான் சொன்னார்கள்: "அந்தப் பக்கம் மொதல்ல சொல்லட்டும்."

அக்கா இறால் கொஞ்சம் கட்டிக் கொடுத்தார். ஹாஸ்டலில் சமைக்க முடியாது என்று சொல்லவும் தோன்றவில்லை. அறைத்தோழி பிரீதா சிதம்பரத்துக்காரி; வீட்டில் படிக்க முடியவில்லை என்று ஹாஸ்டலுக்கு வந்தவள். அவள் வீட்டில் சைவம். டிபன் பாக்ஸைத் திறந்துவிட்டு அவள் போட்ட சத்தத்தில் வார்டனே வந்துவிட்டார்.

பிப்ரவரி 17

நேற்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

நான் போனபோதே மண்டப வாசலில் இரண்டு வேன்கள். ஒன்று உள்ளே போக முடியாதபடி இன்னொன்று நிற்கிறது. மேடையில் வலது பக்கம் ஒரிஜினல் பேனர், இடது பக்கம் நியூ பேனர். நடுவில் பெண்ணின் அப்பாவும் மாப்பிள்ளையின் தாய்மாமனும்.

"பாட்டு செலவு எங்களுதுன்னு பேச்சு."

"யாரு பேசினா? எங்க வூட்டுக் கல்யாணத்துல எங்க ஊரு குழுதான் பாடும்."

"ரெண்டுமே உங்க ஊரு குழுதான்யா!"

தாய்மாமன் ஒரு கணம் குழம்பினார். அது உண்மைதானே.

அதற்குள் மண்டபத்து எலக்ட்ரீஷியன் வந்து, இரண்டு செட்டையும் போட்டால் கரண்ட் தாங்காது, மண்டபமே இருட்டாகிவிடும் என்றார். குரல்கள் ஏறின. சமையல்காரர்கள்கூடக் கரண்டியோடு வந்து நின்றார்கள். நான் ஓரத்தில் நோட்டும் பேனாவுமாக, எதையும் எழுதாமல் நின்றேன். நானே கல்யாண வீட்டாரிடம் சொல்லியிருக்க வேண்டுமோ?

அப்போதுதான் அந்தப் பெண் இலக்கியா பேசினாள். நகையெல்லாம் குலுங்க மேடை விளிம்புக்கு வந்தாள். "யப்பா, நின்னு நின்னு எனக்குக் காலு வலிக்குது. யாராச்சும் பாடுங்க. ரெண்டு பேருமே பாடுங்க. அவுங்க ஒண்ணு, இவுங்க ஒண்ணு. ஒரே செட்டுல பாடுங்க. முடிஞ்சுது."

மாப்பிள்ளை வேகமாகத் தலையாட்டினார். அவர் இனி ஆயுள் முழுக்க அப்படித்தான் ஆட்டுவார் என்று தோன்றியது.

மிக்சர் அக்காவுடையது, ஸ்பீக்கர் அண்ணனுடையது. அண்ணன் ஒரு பாட்டு, அக்கா ஒரு பாட்டு. இவர் கைதட்டல் வாங்கினால் அவர் அதைவிடப் பெரியதாக ஒன்றை எடுப்பார். கூட்டம் இரண்டாகப் பிரிந்து விசிலடித்தது. சாப்பிடப் போனவர்கள் கையைக் கழுவிக்கொண்டு ஓடி வந்தார்கள். எல்லாம் நன்றாகத்தான் போனது, டூயட் கேட்கும் வரை.

இரண்டு பக்கமும் சேர்ந்து கேட்டார்கள்: "டூயட்டு! டூயட்டு!"

அண்ணன் கீபோர்டு. அக்கா பாட வேண்டும். ஒருவரை ஒருவர் பார்க்க மாட்டார்கள். இருவரோடும் பேசுகிற ஒரே ஆள் நான்.

"மதி, இங்க வா. எந்த ஸ்கேல்னு கேளு" என்றார் அண்ணன்.

வயர்களைத் தாண்டி ஓடினேன். "அக்கா, எந்த ஸ்கேல்?"

"டி மைனர்னு சொல்லு."

திரும்ப ஓடினேன். துப்பட்டா எங்கேயோ மாட்டி, அதை இழுத்துக்கொண்டு போய்ச் சேர்வதற்குள்— எனக்கென்ன தெரியும்? எம்மில் ஆரம்பிக்கும் என்பதுதான் நினைவிருந்தது.

"டி மேஜர்ண்ணே."

அவர் வாசித்தார். அக்கா வாயைத் திறந்தார். பிறகு கேட்டது பாட்டே இல்லை. வாயசைக்கச் சொல்லப்பட்ட எனக்கே தெரிந்தது. டிரம்ஸ்காரர் குச்சியைக் கீழே வைத்துவிட்டார்.

"மைனர்னு தான சொன்னேன்!"

"மேஜர்னு தான சொன்ன!"

இருவரும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்து, ஒரே குரலில், மைக்கிலேயே: "அறிவிருக்கா ஒனக்கு?"

மண்டபமே சிரித்தது. எனக்கு அப்படியே மேடைக்கடியில் போய்விடலாம் போலிருந்தது. ஆனால் அவர்கள் இரண்டு பேரும் என்னைத் தாண்டி ஒருவரை ஒருவர் பார்த்துவிட்டார்கள். பார்த்த பிறகு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

டிரம்ஸ்காரர் குச்சியை மறுபடி கையில் எடுத்தார்.

"அண்ணே" என்றார் ஜான்சி அக்கா. "டி மைனர்."

லூர்துசாமி அண்ணன் குனிந்து கீபோர்டின் கட்டைகளைப் பார்த்தார். "சரி" என்றார்.

பிறகு அவர்கள் பாடியதைப் பற்றி எழுத எனக்கு அறிவு போதாது. கரண்டியோடு நின்ற சமையல்காரர் ஒருவர் மூக்கைத் துடைத்துக்கொண்டார். முடிந்ததும் அவரவர் வேனில் அவரவர் ஏறிப் போனார்கள். ஒரு வார்த்தை பேசவில்லை.

பிப்ரவரி 20

யாரோ வீடியோ எடுத்து அனுப்பியிருக்கிறார்கள். மாவட்டத்தில் எல்லார் போனிலும் ஓடுகிறது. தலைப்பு: 'அண்ணன் தங்கச்சி சண்டைக் கச்சேரி, கடைசி வரை பாருங்க'. கடைசியில்தான் நான் ஓடுகிறேன்.

பிப்ரவரி 24

மேடம் கூப்பிட்டு அனுப்பினார். மேசையில் அவர் போன். போனில் நான்.

"மஞ்சத் துப்பட்டா போட்டுகிட்டு மேடையில ஓடறது யாரு?"

"நான்தான் மேடம்."

"மூணாவது அத்தியாயத்துல இன்னா முறைன்னு எழுதிருக்க?"

"பங்கேற்காமல் உற்றுநோக்குதல்."

மேடம் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். சிரித்தார். பக்கத்து அறையிலிருந்து ஒருவர் எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தார். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு கறாராகச் சொன்னார்: "இப்படியே வெச்சா பொய்யாயிடும். அந்த ரெண்டு குழுவையும் எடுத்துடு. இல்லன்னா நீ இன்னா பண்ணியோ அதை அப்படியே எழுது. தப்பான ஸ்கேல் உட்பட."

அவர்களை எடுத்துவிட்டால் மீதி என்ன இருக்கிறது? எழுதுகிறேன் என்றேன்.

மார்ச் 3

இரண்டு வீட்டுக்கும் போன் மேல் போன். எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: ரெண்டு பேரும் சேர்ந்து வருவீங்களா? அண்ணன் மாட்டேன் என்கிறார். அக்கா செத்தாலும் மாட்டேன் என்கிறார். ஆனால் இரண்டு பேருமே எனக்குப் போன் செய்து, "அந்தப் பக்கம் இன்னா சொல்றாங்க?" என்கிறார்கள்.

ஆராய்ச்சிக்கு இது புது விஷயம். இவர்கள் விற்கக்கூடிய சரக்கு இவர்களுடைய சண்டைதான். சந்தை இருக்கிறது, சரக்கு இருக்கிறது, வியாபாரிகள்தான் முறுக்கிக்கொண்டு நிற்கிறார்கள்.

மார்ச் 15

முதுநகர் போனேன். பேட்டிக்கு அல்ல, சும்மா. லூர்துசாமி அண்ணன் இன்று பேசவில்லை. அதுவே ஆச்சரியம். கீபோர்டைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அந்தக் கார்டு... அச்சாபீஸ்காரன் பண்ண தப்புன்னு ஊரு பூரா சொல்லிட்டு வந்தேன். அவன் இன்னா பண்ணான். நான் எழுதிக் குடுத்ததத்தான் அடிச்சான்."

குனிந்து கட்டைகளுக்கு நடுவே இருந்த தூசியை ஊதினார்.

"இத அவகிட்ட சொல்லிடாத."

"சொல்ல மாட்டேண்ணே. விதி."

துணியை மடித்தார். பிரித்தார். மறுபடி மடித்தார். "சொன்னாலும்... ஒண்ணும் தப்பில்ல."

எனக்குச் சிரிப்பு வந்தது. "நான் போஸ்ட்மேன் இல்லண்ணே. நீங்களே போயி சொல்லுங்க. தெருவோட அந்தக் கோடிதான்."

முறைத்தார். போகச் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். காபி போட உள்ளே போனார். சர்க்கரை ஜாஸ்தி. இது குடும்ப வழக்கம் போலிருக்கிறது.

மார்ச் 19

ஜான்சி அக்கா போன். என்ன நடந்தது என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. "சேந்து பண்றோம். ஆனா பேனர்ல ரெண்டு பேரும் ஒரே சைசு எழுத்து. ஒரிஜினலும் வேணாம், நியூவும் வேணாம், வெறும் கடலலை. வேன் தனித்தனி. பேச்சு வார்த்தை எல்லாம் ஒன் மூலமாத்தான்."

"நான் ஏங்கா?"

"ஒனக்குதான் ரெண்டு பக்கமும் காபி குடுக்கறோமே."

ஏப்ரல் 6

பார்ட்டிகளிடம் பேசுவது, தேதி பார்ப்பது, வேன் சொல்வது, எல்லாம் என் தலையில். பரீட்சைக்கும் படிக்க வேண்டும். இன்று போனில் ஒருவர், "மேனேஜர் மேடமா?" என்று கேட்டார். திரும்பிப் பார்த்தேன். அறையில் பிரீதா மட்டும்தான் இருந்தாள்.

ஏப்ரல் 13

திட்டக்குடியில் கோயில் திருவிழா. கடலலை கச்சேரி. அப்பாதான் கமிட்டியில் பேசி ஏற்பாடு செய்தார். போன வாரம் வரை, "பாட்டுக்காரங்க பின்னாடி சுத்தறதுக்கா எம்.பி.ஏ. சேத்தேன்?" என்று கேட்டவர் அவர்.

கச்சேரியில் அண்ணனும் அக்காவும் நன்றாகச் சண்டை போட்டார்கள். "அண்ணே, அது பாட்டா, ஆடு கத்துதா?" என்று அக்கா மைக்கில் கேட்க, கூட்டம் சிரித்து உருண்டது. அண்ணன் பதிலுக்குக் கீபோர்டில் பூனை மாதிரி ஒரு சத்தம் கொடுத்தார்.

முன்வரிசையில் அப்பா. பக்கத்தில் இருந்தவரிடம், "இதெல்லாம் யாரு ஏற்பாடு தெரியுமா?" என்று கேட்டுவிட்டு, அவர் பதில் சொல்வதற்குள், "எம் பொண்ணு" என்றார். எனக்குக் கேட்காது என்று நினைத்திருப்பார். ஸ்பீக்கர் அந்தப் பக்கம் இல்லை. நன்றாகவே கேட்டது.

ஏப்ரல் 24

வாய்மொழித் தேர்வு. வெளியிலிருந்து வந்த பேராசிரியர் என் ஆய்வேட்டைப் புரட்டினார். "ஆய்வாளர் தவறான ஸ்கேலைத் தெரிவித்ததால் ஏற்பட்ட விளைவுகள் என்று ஒரு தலைப்பு இருக்கே, இது என்ன?"

மேடம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டார். உதடு துடித்தது.

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். சண்டை பார்க்க எனக்கும் ஆசை இருந்ததைக்கூட. அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில், "டி மைனருக்கும் டி மேஜருக்கும் இப்பவாவது வித்தியாசம் தெரியுமா?" என்றார்.

"மைனர்னா ஜான்சி அக்கா பாடுவாங்க சார். மேஜர்னா திட்டுவாங்க."

தேறிவிட்டேன்.

மே 5

கேம்பஸ் இன்டர்வியூவுக்கு வந்திருந்த புதுச்சேரி கம்பெனியிலிருந்து வேலைக்கான மெயில் வந்தது. நல்ல வேலைதான். ஏசி உண்டாம்.

மே 9

வரவில்லை என்று எழுதிவிட்டேன். அப்பாவிடம் நாளைக்குச் சொல்லலாம்.

மே 10

நாளைக்குச் சொல்லலாம்.

மே 11

சொன்னேன். மெஷின் ஓடவில்லை, அதனால் எல்லாம் கேட்டிருக்கும். "ஒரு வருஷம் பாரு" என்றார். அப்புறம், "சாப்புட்டியா?"

ஜூன் 2

இலக்கியாவின் சித்தி பெண்ணுக்குக் கல்யாணமாம், புவனகிரியில். கடலலைதான் வேண்டும் என்று காலையிலேயே போன். விருத்தாசலத்திலிருந்து ஒரு குழு, எங்களுக்கும் பார்ட்டி பாருங்க மேடம் என்கிறது. உட்கார்ந்து பேச ஒரு அறை பார்க்க வேண்டும். ஹாஸ்டலைக் காலி செய்த பிறகு பிரீதா வீட்டு மாடியில்தான் இருக்கிறேன். இன்னும் எத்தனை நாள் அவர்கள் சாம்பாரையே சாப்பிடுவது?

தேதி கேட்க ஜான்சி அக்காவுக்குப் போன் போட்டேன்.

"சொல்லு மதி" என்றது லூர்துசாமி அண்ணன் குரல்.

தப்பாகப் போட்டுவிட்டேனோ என்று போனைப் பார்த்தேன். அக்கா நம்பர்தான்.

"அவ மீன் கழுவிட்டு இருக்கா. கையெல்லாம் செதிலு. விஷயத்தச் சொல்லு, நான் சொல்லிடறேன்."

தேதியைச் சொன்னேன். அவர் திரும்பி உள்ளே பார்த்துக் கத்தினார். தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவே அக்கா பதிலுக்குக் கத்தியது எனக்கே கேட்டது: "காலியாத்தான் கீது, ஒத்துக்கச் சொல்லு! ஒரே வேன் போதும்னு சொல்லு!"

"காலியாத்தான் இருக்காம்" என்றார் அண்ணன்.

அடுத்து அண்ணனுக்குத் தனியாக ஒரு போன் போட வேண்டும் என்று கையில் எழுதி வைத்திருந்தேன். போடவில்லை.